கடைசித் தெரிவு

வல்லவர்கள் மூவரைச் சேர்த்துவிட்டால் வெற்றி உறுதி என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ‘ஃபர்ஸ்ட்’ ரோபோப் போட்டியின் விதிகளைப் படித்த பின்னர் அந்த எண்ணம் மாறியது.

டீன் கேமன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1989இல் ஆரம்பித்த அமைப்பின் போட்டி இது. முதற் போட்டி 1992இல் நடைபெற்றது. பாடசாலை மாணவர்கள் அமைத்த ரோபோக்கள், பக்கத்துக்கு மூன்றாக, சுமார் இரண்டரை நிமிடம் மோதுகின்றன. ஆரம்பச் சுற்றுகளில் யாருக்கு யார் துணை என்பதை அட்டவணையே தீர்மானிக்கும். இப்போது துணை நின்ற குழு அடுத்த ஆட்டத்தில் எதிரணியில் நிற்கலாம்.

ஆரம்பச் சுற்றுகள் முடிந்ததும் பொதுவாக எட்டுக் குழுக்கள் தலைமைக் குழுக்களாகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு துணைகளைத் தெரிவு செய்யும். முதற் சுற்றில் முதலாம் குழு தொடங்கி எட்டாம் குழு வரை அழைக்கும். இரண்டாம் சுற்றில் எட்டாம் குழு தொடங்கி முதலாம் குழுவில் முடியும். ஆகவே முதலாம் குழுவுக்கு 1ஆம், 16ஆம் தெரிவுகள் கிடைக்கும். எட்டாம் குழுவுக்கு 8ஆம், 9ஆம் தெரிவுகள். கூட்டிப் பாருங்கள்: எல்லாக் குழுக்களுக்கும் 17தான். இரு சுற்றிலும் ஒரே வரிசையில் அழைத்தால், முதலாம் குழுவுக்கு 10, எட்டாம் குழுவுக்கு 24 என்றாகிவிடும். நீதி இவ்வளவு எளிய கணக்கில் அடங்கியிருப்பது எனக்கு வியப்பளித்தது.

முதலிடம் பெற்ற குழுவுக்கும் கடைசித் தெரிவு உண்டு என்பதே இதில் முக்கியமானது. அப்போது பெயர்பெற்ற குழுக்கள் எவையும் மீதமிருக்கமாட்டா. தரவரிசையும் அதிகம் உதவாது. வலிமையற்ற துணைகள் வாய்த்ததால் பின்தங்கிய நல்ல ரோபோவும் அங்கே இருக்கலாம். அதனால்தான் மாணவர்கள் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து, ஆளுக்கொரு ரோபோவாகக் கவனித்துக் குறிப்பெடுக்கிறார்கள். எத்தனை முறை புள்ளி பெற்றது? இடையில் நின்றுபோனதா? எதிரணி மறித்தபோது என்ன செய்தது? பிறகு ஒன்றுகூடி ஆலோசித்துப் பட்டியல் தயாரிக்கிறார்கள்.

மூன்று ரோபோக்களும் ஒரே இடத்தில் புள்ளி பெற முயன்றால் ஒன்றையொன்று மறிக்கும். வலைப்பந்தாட்டத்தில் எழுவரும் கோல் போடுபவர்களாக இருந்தால் பந்தைத் தடுப்பது யார்? நமக்கு இல்லாத திறமை உள்ளவரே நமக்குச் சிறந்த துணை.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். ஆராய்ந்து நம்புவது ஒன்று. அறிந்து பணியை ஒப்படைப்பது மற்றொன்று. சென்ற இல்ல விளையாட்டுப் போட்டியில் அணித்தலைவியாக இருந்த நான் இரண்டையும் செய்யவில்லை. தோழிகளின் பெயர்களையே முதலில் எழுதினேன். ஓரத்தில் நின்ற தங்கைமார் ஓடுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. தோற்றதைவிட அதுவே இன்று என்னை உறுத்துகிறது.

சகோதரிகளே, முதல் தெரிவை எவரும் சொல்லிவிடலாம். கடைசித் தெரிவைச் சரியாகச் சொல்ல, எல்லோரையும் கவனித்திருக்க வேண்டும்.