பஸ் வருவதற்குள் ஒரு தளம்

மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகருக்கோ அருப்புக்கோட்டைக்கோ தினமும் பஸ்ஸில் போய்வருகிறவருக்கு நேரம் துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும். நிறுத்தத்தில் கொஞ்சம், உட்கார இடம் கிடைத்தால் கொஞ்சம், ராச்சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம். அதனால் ரோக்லைக் வகை வீடியோ ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்பதை விட, பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பாருங்கள்.

1980-இல் வந்த 'ரோக்' ஆட்டத்தின் வழிவந்தவை இவை. ஒவ்வொரு முறையும் நிலவறையின் அமைப்பு மாறும். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்த மாதிரிதான். ஆனால் அங்கே எல்லாம் தாயம் விழுவதைப் பொறுத்தது. இங்கே போன தடவை கற்றது அடுத்த தடவைக்கு உதவும்.

துண்டு நேரத்துக்கு என் முதல் தேர்வு 'ஷேட்டர்டு பிக்சல் டஞ்சன்'. ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரம் கிடையாது, இணையமும் வேண்டாம். நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் எதிரியும் ஓர் அடி வைப்பான். வீரனுக்குப் பசிப்பதுகூட அடிக்கணக்கில்தான், கடிகாரக் கணக்கில் அல்ல. கண்டக்டர் வந்தால் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு டிக்கெட் வாங்கலாம். விட்ட இடம் அப்படியே இருக்கும். ஐந்து தளத்துக்கு ஒரு பெரிய எதிரி. அவனை வென்றதும் நிறுத்திக்கொள்வது நல்லது. அடுத்த படிக்கட்டில் இறங்கினால் தூக்கம் கெடும்.

'ஸ்லே த ஸ்பயர்' (2019) சீட்டுகளை வைத்துச் சண்டை போடுவது. யோசிக்கப் பிடித்தவருக்கு இதைவிடச் செறிவான ஆட்டம் குறைவு. இதிலும் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். சண்டைக்கு நடுவில் வெளியேறினால் அந்தச் சண்டையை மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். போன் திரையில் எழுத்தும் பொடிசு; குலுங்கும் பஸ்ஸில் கண் வலிக்கும். வீட்டில் உட்கார்ந்து ஆடுங்கள்.

'வாம்பயர் சர்வைவர்ஸ்' போனில் இலவசம், ஒற்றை விரல் போதும். ஆயுதங்கள் தாமாகவே தாக்கும். ஆனால் பெரும்பாலான களங்களில் முழுச் சுற்று 30 நிமிடம். கண்ணை எடுக்க முடியாது, இறங்கும் ஊர் தாண்டிப் போய்விடும். பயணத்துக்கு வேண்டாம்.

கம்ப்யூட்டர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு 'ஹேடிஸ்' (2020). பாதாள தேவனின் மகன் தப்பிக்கப் பார்க்கிறான்; தோற்று வீடு திரும்பும்போதெல்லாம் கதை கொஞ்சம் நகர்கிறது. நேரமே இல்லாதவருக்கு, தோல்வியும் வீணாகாத இந்த ஏற்பாடு பெரிய ஆறுதல்.

நான்கில் ஒன்றுதான் என்றால், பிக்சல் டஞ்சனை இன்று ராத்திரியே இறக்கிவையுங்கள். தொடக்கத்தில் போர்வீரன் மட்டும்தான் கிடைப்பான். பழகுவதற்கு அவனே ஏற்றவன். முதல் பெரிய எதிரியை வென்ற பிறகும் இந்த வகை பிடித்திருந்தால், காசு கொடுத்து வாங்க வேண்டியவற்றுக்கும் போகலாம்.