கேட்பதற்குக் கூச்சப்படாதே

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. ஆகஸ்ட் முதல் வாரக் கடைசியில் நீ, மாப்பிள்ளை, பையன் மூவருமாக பான்-மாஸ் சேலஞ்ச் சைக்கிள் பயணத்தில் சேரப்போவதாகப் போனில் சொன்னாய். உன் மாமியாருக்குச் சிகிச்சை நடந்த டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தின் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் பயணம் அது. சைக்கிளைப் பற்றி அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில், "நாலு பேர்கிட்ட பணம் கேக்கத்தான் ஒரு மாதிரியா இருக்கு சித்தப்பா" என்றாய். சைக்கிள் கேள்விகளுக்குப் பின்னால் வருகிறேன். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் பயணத்தைத் தொடங்கிய பில்லி ஸ்டார் என்பவரின் அம்மா 1974-ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இறந்துபோனார். 1980-ல் ஸ்டார் இன்னும் 35 பேரைச் சேர்த்துக்கொண்டு, மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கேப் காட்டின் நுனியில் இருக்கும் ப்ராவின்ஸ்டவுன் வரை சைக்கிள் மிதித்தார். அந்த 36 பேரும் திரட்டியது 10,200 டாலர். 2024-ல் அதே பயணம் ஒரே ஆண்டில் ஏழரைக் கோடி டாலரை டானா-ஃபார்பருக்குக் கொடுத்தது. தொடக்கத்திலிருந்து கொடுத்த மொத்தத் தொகை அந்த ஆண்டில் நூறு கோடி டாலரைத் தாண்டியது.

இத்தனைக்கும் சைக்கிளுக்கு இன்றும் இரண்டே சக்கரம்தான். தூரமும் பெரிதாகக் கூடிவிடவில்லை. கூடியது கேட்பவர்களின் எண்ணிக்கை. 36 பேர் கேட்ட இடத்தில் இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தத்தம் உறவிலும் அலுவலகத்திலும் தெருவிலும் போய்க் கேட்கிறார்கள். மிதிக்கிற வேலை இரண்டு நாளில் முடிந்துவிடும். கேட்கிற வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும்.

உன் கூச்சத்தில் பாதி, "நாம் சைக்கிள் ஓட்டுவதற்கு அடுத்தவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்" என்பதுதான் என்று ஊகிக்கிறேன். அதற்கு நேரான பதில் உண்டு. 2007 முதல், பயணிகள் திரட்டும் பணம் ஒரு காசு குறையாமல் டானா-ஃபார்பருக்குப் போய்விடுகிறது. சாப்பாடு, தண்ணீர்ப் பந்தல், ஆம்புலன்ஸ் போன்ற செலவையெல்லாம் பதிவுக் கட்டணமும் விளம்பரதாரர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சம்பளமில்லாமல் நிற்கிறார்கள். நீ கேட்கிற பணத்தில் உன் வாழைப்பழத்துக்குக்கூடப் பங்கில்லை.

இதில் ஒரு கண்டிப்பும் உண்டு. ஒவ்வொருவரும் பாதைக்கு ஏற்ப ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். அது சேராவிட்டால் பாக்கியை உன் கார்டிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். மூன்று பேர் என்றால் மூன்று தொகை. இது சரியான ஏற்பாடு என்றுதான் எனக்குப் படுகிறது. இப்படி ஒரு பிடி இல்லாவிட்டால் பாதிப் பேர் ஜெர்சியை மாட்டிப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடுவார்கள்.

டானா-ஃபார்பர் இருக்கும் பாஸ்டனில் கேட்பதற்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. 1948-ல் மெய்ன் மாநிலத்தின் உருளைக்கிழங்கு வயல் பக்கத்திலிருந்து 12 வயதுப் பையன் ஒருவன் வயிற்றில் புற்றுக்கட்டியோடு பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தான். பெயர் ஐனார் கஸ்டாஃப்சன். அவனுடைய பெயரை வெளியிடாமல் 'ஜிம்மி' என்று அழைத்து ஒரு வானொலி நிகழ்ச்சியில் பேசவைத்தார்கள். பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணி வீரர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் வந்தார்கள். பையன் ஆட்டம் பார்க்க ஒரு டெலிவிஷன் வேண்டும் என்பதுதான் நேயர்களிடம் வைத்த கோரிக்கை. அந்த ஆண்டு சேர்ந்தது இரண்டு லட்சம் டாலருக்கு மேல். அப்படிப் பிறந்த ஜிம்மி நிதிக்குத்தான் இன்று இந்தச் சைக்கிள் பயணம் மிகப் பெரிய கொடையாளர். பையன் எப்போதோ இறந்திருப்பான் என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். லாரி ஓட்டிப் பிழைத்து, பேரக் குழந்தைகளும் கண்டுவிட்ட கஸ்டாஃப்சன், 1998-ல் உலகுக்குத் தெரியவந்தார்.

ஜிம்மி நிதியைத் தொடங்கிய சிட்னி ஃபார்பர், நோயில் இறந்தவர்களின் திசுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த நோயியல் மருத்துவர். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டவர் அவர். அந்த அமினோப்டெரின் மருந்து வந்தது லெடர்லி ஆய்வகத்திலிருந்து. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவின் கதையை உன் பையனுக்குக் கட்டாயம் சொல். பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். அறுவை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போக, எம்.பி.பி.எஸ். கைக்கு வரவில்லை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. உடன்பிறந்தவர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் பாஸ்டனுக்குப் போனது யார் பணத்தில் தெரியுமா? காக்கிநாடாவில் ஓர் அறக்கட்டளை உதவுவதாகச் சொன்னது. மிச்சத்தை மாமனார் திரட்டிக் கொடுத்தார். போன இடத்தில் மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலை வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார். அன்றைக்கு அந்த மாமனாரும் கூச்சப்பட்டிருக்கலாம். கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உன்னிடம் விட்டுவிடுகிறேன்.

1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகள். அவர்களில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தணிந்ததுதான், தீரவில்லை, சில மாதங்களில் திரும்பி வந்தது. அந்த ஆகஸ்டிலேயே சுப்பாராவும் காலமானார். அதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, மூட்டுவாதத்துக்குக்கூடக் கொடுக்கிறார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ரத்தப் புற்றுநோயில், நல்ல மருத்துவ வசதி உள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் இப்போது பிழைக்கிறார்கள். 1948-க்கும் இன்றைக்கும் நடுவில் பல பத்தாண்டுகள் கிடக்கின்றன, அவ்வளவுக்கும் யாரோ பணம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அண்மைய உதாரணம் டானா-ஃபார்பரிலேயே உண்டு. வில்லியம் கேலின் 1990-களில் வான் ஹிப்பல்-லிண்டாவ் என்ற அரிய பரம்பரை நோயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கேள்விப்பட்டவர்களே குறைவான நோய் அது. அதை நோண்டப் போய், உயிரணு ஆக்சிஜன் அளவை எப்படி உணர்ந்துகொள்கிறது என்பது தெரியவந்தது. 2019-ல் வேறு இருவரோடு சேர்ந்து நோபல் பரிசு. 2021-ல், அந்த அறிவின் மேல் கட்டிய பெல்சுட்டிஃபான் என்ற மருந்துக்கு, அந்த நோயாளிகளின் கட்டிகளுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கால் நூற்றாண்டு வேலை. அரசு நிதி பெரும்பாலும் ஓரளவு நிரூபித்துக் காட்டியவர்களுக்குத்தான் வரும். நிரூபிக்கும் முன் கையில் வேண்டிய காசு எங்கிருந்து வரும்? உன்னைப் போன்றவர்கள் கேட்டு வாங்கும் பணத்துக்கு அங்கேதான் வேலை.

ஆகவே கேட்கும்போது பெரிய வார்த்தை வேண்டாம். "உங்கள் நூறு டாலர் புற்றுநோயை ஒழிக்கும்" என்று எழுதாதே, ஒழிக்காது. மாமியார் படுக்கையில் கிடந்த படத்தை அனுப்பாதே. அவர் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை மாப்பிள்ளை முடிவு செய்யட்டும், அது அவருடைய அம்மா. கடிதம் நாலு வரி போதும்: "ஆகஸ்டில் நாங்கள் மூவரும் டானா-ஃபார்பர் ஆராய்ச்சிக்காகச் சைக்கிள் மிதிக்கிறோம். நாங்கள் இவ்வளவு திரட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். நீங்கள் தருவது முழுதும் அவர்களுக்கே போகும். இப்போது தோதுப்படாவிட்டால் பரவாயில்லை, நம் உறவில் ஒன்றும் குறையாது." கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதே.

வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. குழுவில் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் கொடுப்பார் என்று இருந்துவிடுவார்கள். பெயர் சொல்லி, தனித்தனியாகக் கேள். தருகிறவர்களிடம் அவர்களுடைய கம்பெனி ஈடுதொகை கொடுக்குமா என்று விசாரி. அமெரிக்காவில் பல நிறுவனங்கள் ஊழியர் தருகிற தொகைக்குச் சமமாகத் தாங்களும் போடும். படிவம் நிரப்பச் சோம்பல்பட்டே பலர் விட்டுவிடுகிறார்கள். பையன் அவனுக்கான பட்டியலை அவனே எழுதட்டும். அப்பாவின் ஆபீஸ் நண்பர்களை அதில் சேர்க்கவே கூடாது. அவனுடைய கோச்சிடமும் பக்கத்து வீட்டிலும் அவன் வாயாலேயே கேட்கட்டும்.

கேட்கப் போன இடத்தில் ஒன்று நடக்கும், தயாராக இரு. பணம் எடுப்பதற்கு முன் அவர்கள் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். தங்கையோ, ஆசிரியரோ, கல்லூரித் தோழனோ. அப்போது கடிகாரத்தைப் பார்க்காதே. நம் ஊரிலும் இப்படி ஒரு கதை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவர் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-ல்தான் கதவைத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் எத்தனை மறுப்புகளைக் கேட்டிருப்பார். பொதுமக்களிடம் வாங்கிய காசு அந்தக் கட்டடங்களுக்குள் இருக்கிறது.

இனி சைக்கிள். ஸ்டர்பிரிட்ஜிலிருந்து ப்ராவின்ஸ்டவுன் வரை இரண்டு நாளில் சுமார் 300 கிலோமீட்டர். முதல் நாள்தான் நீளம். இரவு போர்னில் கடல்சார் அகாதெமியில் தங்கல். மறுநாள் விடியலில் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து கேப் காட்டுக்குள் நுழைந்தால், கடைசிப் பகுதியில் ட்ரூரோ மேடுகளும் கடல்காற்றும் காத்திருக்கும். முதல் வருடமே இதற்கு ஆசைப்பட வேண்டாம். ஒரே நாளில் முடியும் பாதைகளும் இருக்கின்றன, வாக்குத் தொகையும் அவற்றுக்குக் குறைவு. இரண்டு நாள் பாதைதான் வேண்டும் என்று மாப்பிள்ளை அடம்பிடித்தால், ஜூலைக்குள் மூவரும் நூறு கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

மூவரில் மெதுவாக ஓட்டுகிறவரின் வேகம்தான் குடும்பத்தின் வேகம். அவர் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி வந்தால் எதிர்காற்றின் பாரம் கணிசமாகக் குறையும். பசி எடுக்கும் முன் சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும் முன் குடிக்க வேண்டும். ஆகஸ்ட் புழுக்கத்தில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் போதாது. உப்பும் சேர வேண்டும். பஞ்சு வைத்த சைக்கிள் டவுசருக்குள் உள்ளாடை போடக் கூடாது. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், தொடை புண்ணான பிறகுதான் தெரியவரும்.

பஞ்சர் பார்க்கப் பையன் இப்போதே பழகட்டும். பின்சக்கரத்தைக் கழற்றும் முன் செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். டியூபை உருவியதும் புதியதைப் போட அவசரப்படக் கூடாது. டயரின் உட்புறம் முழுக்க விரலை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். லாரி டயரிலிருந்து உதிரும் முடியளவுக் கம்பித்துண்டு ஒன்று ரப்பருக்குள் புதைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதைப் பிடுங்காமல் மாட்டினால் ஒரு கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும். புது டியூபில் லேசாகக் காற்றடித்து உருண்டையாக்கிய பிறகு உள்ளே தள்ளி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் எங்கேயும் அது கடிபடவில்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டு முழுக் காற்று அடிக்கட்டும்.

பயணம் முடிந்த ஒரு வாரத்துக்குள், கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி போய்ச் சேர வேண்டும். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, எங்கே போயிற்று என்பதையும் எழுது. பத்து டாலர் தந்தவருக்கும் அதே கடிதம்தான். இதை ஒழுங்காகச் செய்தால் அடுத்த வருடம் கேட்பதற்குக் கூச்சம் இருக்காது.

பதிவு செய்யும் முன் குறைந்தபட்சத் தொகை, வயது விதிகள் இரண்டையும் ஒருமுறை படித்துவிடு. பிறகு ஒரு நோட்டை எடுத்துப் பட்டியல் போடு. முதல் வரியில் எங்கள் பெயரை எழுதிக்கொள். தொகையை உன் சித்தி சொல்வாள்.

அன்புடன்,
சித்தப்பா