காதில் இரைச்சலா?



"காதுல வண்டு இரையுற மாதிரி இருக்கு புள்ளே, தூக்கமே வரலே."
"எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாமா!"

உங்கள் வீட்டிலும் இப்படியா? இது பொய்யுமல்ல, பேய்க் கோளாறுமல்ல. அரவை மில், விசைத்தறிச் சத்தத்தில் பல வருஷம் உழைத்தால் உட்காதின் நுண்ணிய செல்கள் பழுதாகும். 85 டெசிபல் ஓசையைத் தினம் 8 மணி நேரம் கேட்டாலே ஆபத்து. கேட்கும் திறன் குறையக் குறைய, மூளையே ஓர் இரைச்சலை உண்டாக்கும். ஊர் அடங்கினால் அது பெரிதாகத் தெரியும்.

ஆகவே இரவில் மின்விசிறியோ ரேடியோவோ மெதுவாக ஓடட்டும். இரைச்சலை அமுக்க வேண்டாம். இரண்டும் கலந்து கேட்டால் போதும். காது மந்தமானவருக்குக் காது கேட்கும் கருவியே பெரும்பாலும் உதவும். மெல்லிய ஒலி தரும், காதில் மாட்டும் கருவியும் உண்டு. பரிசோதனை செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். கருவி இரைச்சலை அடியோடு போக்காது, தொல்லையைக் குறைக்கும். அதற்கும் சில மாதம் பொறுக்க வேண்டும்.

காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். கோழி இறகு விடாதீர்கள். ஒரே காதில் இரைச்சல், நாடி துடிப்பதுபோல் சத்தம், தலைசுற்றல் இருந்தால் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். திடீரெனக் காது கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள்.

அம்மா, அவர் சொல்வதை நம்புங்கள். ஐயா, மறைக்காமல் சொல்லுங்கள். பாதி பாரம் அதிலேயே இறங்கும்.