கண்ணிமை அறுவை சிகிச்சை: மார்க்கம் என்ன சொல்கிறது?

தாராபுரத்தில் ஒரு வீட்டில் எழுந்த பேச்சு இது. வயது முதிர்ந்த தாயார். குர்ஆன் ஷரீபை விரித்தால் ஒரு விரலால் மேலிமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஓதுவார். இமைத்தோல் தளர்ந்து கருவிழி மீது இறங்கிவிட்டது. கோயமுத்தூர் டாக்டர் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார். "அல்லாஹ் படைத்ததை மாற்றலாமா? இந்த வயதில் எனக்கு அழகு எதற்கு?" என்று அம்மையார் மறுத்துவிட்டார். பேத்திக்கோ, பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன ஒரு சொல்லுக்காகக் கண்ணைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டுமாம். இரண்டுக்கும் கத்தி ஒன்றுதான், சட்டமும் ஒன்றுதானா?

அம்மையார் பயந்தது வீண் பயமன்று. பச்சை குத்துவோரையும், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவோரையும் கண்டிக்கும் ஹதீஸ், இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. ஆனால் அதில் 'அழகுக்காக' என்ற சொல் இருக்கிறதே, அதைக் கவனிக்க வேண்டும். சிகிச்சைக்காகவோ பல்லிலுள்ள குறைக்காகவோ செய்தால் குற்றமில்லை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள்.

அர்ஃபஜா (ரலி) அவர்களின் சம்பவமும் தெரிந்ததே. குலாப் போரில் மூக்கை இழந்த அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தார்கள்; அது துர்நாற்றமடித்தது. தங்கத்தால் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் இந்த அனுமதி!

2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இவ்வழியிலேயே முடிவு கூறியது: குறையை நீக்கவும், உறுப்பின் வேலையைச் சீராக்கவும் செய்வது ஆகும், வெறும் ஆசைக்காக இயல்பான உருவத்தை மாற்றுவது ஆகாது. ஆக, பாட்டியின் கண்ணுக்கு வழி உண்டு. பேத்தியின் கண்ணில் குறையே இல்லை. குறை சொன்னவர்களின் பார்வையில்தான் இருக்கிறது!

இந்த வைத்தியம் புதிதுமன்று. 1013-ல் மறைந்த ஸ்பெயின் நாட்டு மருத்துவ மேதை அபுல் காஸிம் ஸஹ்ராவி அவர்கள், தளர்ந்த இமைக்குச் செய்யும் சிகிச்சையைத் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி, செய்துகொள்பவர் எதை எதிர்பார்க்கலாம்? பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, இமை மடிப்பில் கீறி, மிகுந்த தோலை எடுத்துத் தையல் போடுவார்கள். தையல் பிரிக்க ஏறத்தாழ ஒரு வாரம். வீக்கமும் கன்றிய நிறமும் இரண்டு வாரம் வரை இருக்கலாம். கண் வறட்சி சிலருக்கு ஏற்படும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுவோர் அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு கடும் வலி வந்தாலோ, கண் பிதுங்கினாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டிப் பார்வையே போய்விடக்கூடும். அரிதுதான், ஆனாலும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

தொழுகை? முதல் சில நாட்கள் தலையைத் தாழ்த்த வேண்டாம் என்பார்கள். அந்நாட்களில் சைகையால் தொழலாம். தொழுகையை விட அனுமதியில்லை. ஒளுவில் தண்ணீர் படக்கூடாத இடத்தை விட்டு மற்றதைக் கழுவிக் கட்டின் மீது ஈரக்கையால் தடவுவது ஹனபி மத்ஹபு. ஷாபிஈ மத்ஹபினர் அத்துடன் தயம்மும் செய்ய வேண்டும். கட்டு முகத்தில் இருப்பதால் குணமான பின் அத்தொழுகைகளைத் திரும்பத் தொழுவது பற்றி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தால் இரு மத்ஹபிலும் நோன்பு முறியாது. ஆயினும் மாத்திரைகளும் இருக்குமாதலால், அவசரமில்லாத சிகிச்சையை ரமலானுக்குப் பிறகு வைத்துக்கொள்வதே வசதி.