தக்காளியின் தாகமும் உயிர்த்தூண்டிகளும்

(உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு)

கடந்த சிறுபோகத்தில் வாப்பா தக்காளிக்கு அடிப்பதற்கென ஒரு போத்தல் கடற்பாசிச் சாறு வாங்கி வந்தார். "இதை அடித்தால் பாதித் தண்ணீர் போதும்" என்று கடையில் சொன்னார்களாம். கச்சான் காற்று வீசும் காலம். துரவில் தண்ணீர் கீழே போய்விட்டது. வாப்பா அந்தச் சொல்லை நம்பி, நாள்தோறும் ஊற்றிய தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை ஆக்கினார். இரண்டு வாரத்தில் பூக்கள் உதிர்ந்தன. மிஞ்சிய காய்களின் அடி கறுத்தது.

"மருந்து பொய்" என்றார் வாப்பா.

"மருந்து பொய்யா, சொன்ன சொல் பொய்யா?" என்று கேட்டார் உம்மா.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தண்ணீர் குறைந்தால் நடப்பது என்ன?

தக்காளிப் பழத்தில் ஏறத்தாழ 94 சதவீதம் நீர்தான். மண் காயத் தொடங்கியதும் செடியில் அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோன் கூடுகிறது. அதனால் இலைவாய்களின் காவற்கலங்களிலிருந்து பொற்றாசியம் அயன்கள் வெளியேற, நீரும் பின்தொடர்ந்து வெளியேறுகிறது. கலங்கள் தளர்ந்து இலைவாய் மூடிக்கொள்கிறது. நீர் இழப்புக் குறைகிறது. ஆனால் அதே வாயிலால்தான் காபனீரொட்சைட்டும் உள்ளே வரவேண்டும். ஆகவே ஒளித்தொகுப்பும் குறைகிறது. தாகத்தில் இருக்கும் செடி பசியையும் சேர்த்தே தாங்குகிறது.

இன்னொரு ஓமோனும் உண்டு. நெருக்கடியின்போது செடியில் எதிலீன் அதிகரிக்கிறது. அது மிகுந்தால் இலை மஞ்சளாகும், பூ உதிரும், வேர் வளர்ச்சி தடைப்படும்.

உயிர்த்தூண்டி என்பது எது?

2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட நாள்முதல் எங்கள் ஊரில் போத்தலில் வரும் எதையும் 'உரம்' என்றே அழைக்கிறார்கள். ஆனால் உயிர்த்தூண்டி உரமன்று, பூச்சிகொல்லியுமன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. தன்னிடமுள்ள போசணையால் அல்லாமல், செடியின் போசணைச் செயற்பாடுகளைத் தூண்டி, போசணையை நன்கு பயன்படுத்தவோ வறட்சி போன்ற நெருக்கடிகளைத் தாங்கவோ உதவுவதே உயிர்த்தூண்டி. கடற்பாசிச் சாறு, மண்புழு உரத்திலும் கிடைக்கும் ஹியூமிக் பதார்த்தங்கள், வேரோடு கூடிவாழும் பூஞ்சணங்கள், நன்மை தரும் பற்றீரியாக்கள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றின் வேலை ஒரே மாதிரியானதல்ல. ஹியூமிக் பதார்த்தங்கள் பக்கவேர்கள் பெருக உதவுகின்றன. பூஞ்சண இழைகள் வேர்மயிர் நுழைய முடியாத நுண்ணிய மண் இடைவெளிகளுக்குள்ளும் சென்று நீரையும் பொசுபரசையும் கொண்டுவருகின்றன. பொசுபேற்று உரத்தை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் இந்தக் கூட்டுறவு குறைந்துவிடும்.

ஒரு பற்றீரியாவின் கதை

என்னை மிகவும் கவர்ந்தது, பேர்னாட் கிளிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004 இல் வெளியிட்ட ஆய்வு. நெகேவ் பாலைவனத்தின் அரவாப் பகுதியிலிருந்து எடுத்த அக்ரோமோபக்டர் என்னும் பற்றீரியாவை அவர்கள் தக்காளி, மிளகாய் இன நாற்றுக்களுக்கு இட்டு, சில காலம் தண்ணீரை நிறுத்தினார்கள். எதிலீன் உருவாவதற்கு மூலமான ஏ.சி.சி. என்னும் பதார்த்தத்தைச் சிதைக்கும் நொதியம் அந்தப் பற்றீரியாவிடம் உண்டு. ஆகவே நாற்றுக்களில் எதிலீன் குறைந்தது, நிறை கூடியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தண்ணீர் நிறுத்தப்பட்ட காலத்தில், பற்றீரியா இட்ட நாற்றுக்களிலும் நீர் குறையவே செய்தது. அதை அது தடுக்கவில்லை. மீண்டும் தண்ணீர் ஊற்றியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அவை நன்றாக மீண்டெழுந்தன.

இதுதான் உம்மாவின் கேள்விக்கு விடை. உயிர்த்தூண்டி தண்ணீர் தருவதில்லை. தண்ணீர் வரும்வரை செடி தாக்குப்பிடிக்கவும், வந்தபின் எழும்பவும் அது துணை செய்யலாம். அவ்வளவே.

எங்கள் தோட்டத்தில் நடந்த பிழை

காய் கறுத்தது நோயன்று. கல்சியம் நீரோடு சேர்ந்தே காழ் வழியாகச் செல்கிறது. காயிலிருந்து ஆவியுயிர்ப்பு மிகக் குறைவு என்பதால் அதற்குச் சேரும் கல்சியமும் குறைவு. தண்ணீர் விட்டுவிட்டுக் கிடைத்தால் அதுவும் தடைப்பட்டுக் காயின் அடி கறுத்துவிடும். எந்தச் சாற்றாலும் அந்தத் தண்ணீருக்கு ஈடு செய்ய இயலாது. மேலும், செடி வாடிய பிறகுதான் வாப்பா சாற்றை அடித்தார். நெருக்கடிக்கு முன்பே கொடுத்தால்தான் வேரும் இலையும் ஆயத்தமாக நேரம் கிடைக்கும்.

இம்முறை வாப்பாவிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். எல்லா வரிசைகளுக்கும் ஒரே அளவு தண்ணீர், அடியில் வைக்கோல் மூடாக்கு. இரண்டு வரிசைக்குச் சாறு, பக்கத்து இரண்டு வரிசைக்கு வெறும் தண்ணீர் தெளிப்பு. பறிக்கும் காயை வரிசை வரிசையாக நிறுப்பது என் பொறுப்பு. பாடசாலை ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்யும் கட்டுப்பாட்டுப் பரிசோதனைதான் இது.

"படித்த பிள்ளை சொல்றா, செய்து பார்ப்பம்" என்றார் வாப்பா.

அடுத்த போத்தலுக்குக் காசு கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தராசு சொல்லட்டும்.