காகித இறக்குமதியை எந்த அலகால் அளப்பது?

குற்றாலச் சீசனில் அல்வாவை அட்டைப் பெட்டியில் வாங்கியிருப்பீர்கள். அடுத்த முறை பெட்டியின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சாம்பல் நிறம். பழைய காகிதத்தை நீரில் ஊறவைத்துக் கூழாக்கிச் செய்த அடுக்கு அது. அதில் ஒரு பகுதி அமெரிக்காவில் யாரோ படித்து எறிந்ததாகவும் இருக்கலாம். நம் ஆலைகள் கழிவுக் காகிதத்தையும் கப்பலில் வரவழைக்கின்றன.

இந்தியா, இலங்கை இரண்டின் காகித இறக்குமதியை ஆண்டுவாரியாக ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கோடுகள் வரைந்தால் போதாதா? போதாது. இயற்பியல் மாணவர் முதலில் கேட்க வேண்டியது: எந்த அலகு?

சுங்கக் கணக்கில் எடையும் உண்டு, பண மதிப்பும் உண்டு. 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய்; மே மாதத்தில் ஏறத்தாழ 360. கணக்குக்காக ஒரு டன் காகிதம் 1000 டாலர் என்று கொள்வோம். 100 டன்னுக்கு முதலில் 2 கோடி ரூபாய் ஆகும். பிறகு இறக்குமதி பாதியாகி 50 டன் மட்டுமே வந்தாலும் 1 கோடியே 80 லட்சம் ஆகிவிடும். எடை 50 விழுக்காடு சரிய, ரூபாய்க் கோடு 10 விழுக்காடுதான் இறங்குகிறது! அதை மட்டும் பார்ப்பவர், பெரிய குறை ஒன்றுமில்லை என்பார். ஆனால் அவ்வாண்டு மார்ச்சில், காகிதமும் மையும் வாங்க அந்நியச் செலாவணி இல்லாததால் மேல் மாகாணத்தில் 9, 10, 11ஆம் வகுப்புகளின் பருவத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. உங்கள் வயது மாணவர்கள்தாம்.

டாலரில் வரைந்தால் தப்பலாமா? உலகச் சந்தையில் விலை ஏறினால் அக்கோடும் ஏறும். ஆகவே எடையே மேல்.

அடுத்தது மக்கள்தொகை. இந்தியா 2022-23இல் ஏறத்தாழ 14 லட்சம் டன் காகிதமும் அட்டையும் இறக்குமதி செய்தது. 2023-24இல் ஏறத்தாழ 19 லட்சம் டன். பிரமிக்க வேண்டாம். 140 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 1.4 கிலோகூட வராது. இலங்கையின் எடையை 2.2 கோடியால் வகுத்த பிறகே இரண்டையும் ஒரே தாளில் வரையலாம்.

அப்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. பயன்பாடு என்பது உற்பத்தியும் இறக்குமதியும் சேர்ந்து, ஏற்றுமதி கழிந்தது. நமக்குக் கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் கரூர் ஆலை உண்டு.  செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் ரயிலில் போனால் புனலூர் வரும். அங்கே 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஆலை 1987இல் மூடப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில் 1950களில் எழுந்த ஆலை வைக்கோலைக் கூழாக்கியது. அதுவும் பின்னர் நலிந்தது. இப்படி ஆலை நின்றால், யாரும் ஒரு பக்கம் கூடுதலாகப் படிக்காமலே இறக்குமதி கூடும்!

சுங்க அட்டவணையில் காகிதமும் அட்டையும் 48ஆம் அத்தியாயம். கூழும் கழிவுக் காகிதமும் 47. அல்வாப் பெட்டியின் சாம்பல் அடுக்கை 48இல் தேடினால் கிடைக்காது.

நீங்களே வரைபடம் வரையும்போது, ஓர் அடிப்படை ஆண்டை 100 எனக் கொண்டு மற்ற ஆண்டுகளை அதன் விகிதமாகக் குறியுங்கள். இலங்கைக்கு 2022ஐ அடிப்படையாக எடுத்துவிடாதீர்கள். முடங்கிய ஆண்டு 100 ஆனால், சாதாரண ஆண்டுகூடப் பெருவளர்ச்சியாகத் தெரியும்.