நீராவிக் குளியலறைக்கு மின் இணைப்பு

வீட்டு நீராவிக் குளியலறைக்கு ஆவி தரும் ஸ்டீம் ஜெனரேட்டர் பெரும் மின்பளு கொண்டது. 6 கிலோவாட் கருவி 230 வோல்ட்டில் சுமார் 26 ஆம்பியர் இழுக்கும். 2 கிலோவாட் கீசருக்கு 9 ஆம்பியர்கூட ஆகாது. எனவே கீசருக்கான 16 ஆம்பியர் சாக்கெட்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

முதலில், வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று பார்க்க வேண்டும். 9 கிலோவாட் கருவிக்கு மும்முனை இணைப்பே ஏற்றது. அடுத்து, மெயின் பெட்டியிலிருந்து தனி லைன். 6 கிலோவாட்டுக்கு வழக்கமாக 6 சதுர மி.மீ. செம்பு ஒயரும் 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் பொருந்தும், தயாரிப்பாளர் வேறு அளவு குறித்திருந்தால் அதுவே முடிவு.

எம்.சி.பி. இருந்தால் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது தவறு. எம்.சி.பி. காப்பது ஒயரை. 32 ஆம்பியரைத் தாண்டினால்தான் அது விழும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நனைந்த உடலில் பாய்ந்தாலே உயிரைப் பறிக்கலாம். ஆளைக் காப்பது, மின்கசிவை உணர்ந்து லைனைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. அதை இந்த லைனில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

எர்த் சரியாக இருந்தால், கருவியில் கசியும் மின்சாரம் யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி.யை விழவைத்துவிடும். எர்த் கிடைக்காத இடத்தில் நியூட்ரலையே எர்த் முனையில் முடிந்துவிடும் பழக்கம் கொலைக்குச் சமம்: நியூட்ரல் அறுந்தால் கருவியின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறும். உலோகக் குழாய்களையும் சட்டங்களையும் எர்த்துடன் பிணைப்பதும் அவசியம்.

ஜெனரேட்டர் ஆவி அறைக்கு வெளியே, உலர்ந்த, காற்றோட்டமுள்ள, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் ஐசொலேட்டரும் வெளியேதான். அறைக்குள் சாக்கெட், சாதாரண சுவிட்ச் எதுவும் கூடாது. உள்ளே வைக்கும் விளக்கு 12 வோல்ட்டில் எரிவதாகவும், ஆவியையும் அதன் வெப்பத்தையும் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். அதற்கான டிரான்ஸ்ஃபார்மரும் வெளியேதான்.

இணைப்பு வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது; பிளம்பரே ஒயரையும் முடுக்கிவிட்டுப் போகக் கூடாது. எர்த் தடையையும் ஒயரின் இன்சுலேஷனையும் அளந்த பிறகே கருவியை ஓடவிட வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். விழாவிட்டால் அதை மாற்றும்வரை நீராவிக் குளியல் வேண்டாம். அடிக்கடி தானே விழுந்தால் பெரும்பாலும் ஹீட்டரில் கசிவு இருக்கும், ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு லைனை நேராகக் கொடுப்பது அதற்குத் தீர்வல்ல.